பாசி ஒதுங்கிய வாரம்

சிங்தாவ் துறைமுகத்தில் அவன் கப்பல்
பழுதுபார்க்க நின்ற மூன்று நாள்தான்
எங்களுக்குக் கிடைத்த விடுமுறை.
லான்சோவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் ரயில்.
மேல் படுக்கை. கீழே யாரோ விடிய விடியச்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.
எனக்கு முப்பத்தெட்டு வயது, கடலைப் பார்த்ததில்லை.
அதற்கென்று
புதுச் செருப்பு வாங்கியிருந்தேன்.

கடல் பச்சையாக இருந்தது.
தண்ணீரின் பச்சை இல்லை, மேய்ச்சல் நிலத்துப் பச்சை.
கரை நெடுகப் பாசி, கணுக்கால் புதைய.
ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் வாரி வாரி
லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
"ஜூலையில் இப்படித்தான்" என்றான் வென்ஹாய்,
விருந்தாளிக்கு வைத்த சோறு
அடிப்பிடித்துவிட்டதுபோல.

பெயரிலேயே கடலை வைத்திருக்கிறவன்.
மழை எட்டிப்பார்க்காத ஊரில் பிறந்த பிள்ளைக்கு
ஆசைப்பட்டு வைத்தார்கள்.
கடல் அதைக் காதில் வாங்கிக்கொண்டது.

விடுதியில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள்.
இழுத்துச் சேர்த்தோம்.
நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி மிஞ்சியது.
அதில் அவன் கைபேசி விழுந்தது, என் கொண்டை ஊசி விழுந்தது,
எடுக்கக் குனிந்து இருவரும் தலையை முட்டிக்கொண்டோம்.
பதினொரு மாதத்துக்குப் பிறகு
முதல் தொடுகை அதுதான்.

அவன் தோலுக்கு அடியில் டீசல்.
என் விரல்களில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நெடி.
ஒன்றுக்கொன்று பழக நேரமெடுத்தது.

நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்தான்.
நாலு மணிக்கு மறுபடியும்.
"எது எழுப்புகிறது?" என்றேன்.
"சத்தமில்லாதது" என்றான்.
எழுந்துபோய்க் குளியலறையின் காற்றாடியைப் போட்டேன்.
துருப்பிடித்த காற்றாடி, தடதடவென்று சுற்றியது.
அவன் தூங்கிவிட்டான்.
நான் விடியும்வரை
ஓர் எஞ்சினின் பக்கத்தில் படுத்திருந்தேன்.

இந்த ஊரில் பீரைப்
பிளாஸ்டிக் பையில் ஊற்றி நிறுத்துத் தருகிறார்கள்.
விரலில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள் பெரிய மனிதர்கள்,
தங்கமீன் வாங்கிப் போகும் பிள்ளைகளைப் போல.
நாங்களும் ஒரு பை வாங்கினோம்.
மிளகாய் போட்டு வதக்கிய மட்டி ஒரு தட்டு.
பதினாறாவது மட்டியைத் திறந்துகொண்டே
"இன்னொரு பத்து மாதத்துக்குக்
கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஃபாங்சியா" என்றான்.
மகளின் படிப்புச் செலவைச் சொன்னான்.
எனக்குத் தெரியாத தொகையா அது.

கணக்குப் பார்த்தேன்:
மீதம் நாற்பத்தொரு மணி நேரம்.
அதில் ஒன்றரை மணி நேரம்
அவனைத் திட்டினேன்.

கடைசி நாள் பாசி கொஞ்சம் விலகியது.
இங்கத்துப் பெண்கள் வெயிலுக்கு அஞ்சி
முகத்தை மூடும் துணித் தொப்பி போட்டுக் கடலில் இறங்குகிறார்கள்;
கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை.
இருபத்தைந்து யுவானுக்கு நானும் ஒன்று வாங்கினேன், புலிக்கோடு போட்டது.
அவன் சோளக்கதிர் வாங்கப் போயிருந்தான்.
திரும்பி வந்தபோது
தண்ணீரில் இடுப்பளவு நின்ற பன்னிரண்டு பெண்களில்
நானும் ஒருத்தி.

கடந்து போனான்.
திரும்பி வந்தான். வேறொருத்தியின் அருகில் நின்று
சோளத்தை நீட்டப் போய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.
கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிடவில்லை.
என்னைத் தேடும்போது அவன் முகம் எப்படியிருக்கும் என்று
பதினேழு வருடக் கல்யாணத்தில் நான் பார்த்ததேயில்லை;
தேடிக் கிடைத்த பிறகுதானே
எப்போதும் நான் எதிரில் இருப்பேன்.
வாய் லேசாகத் திறந்து,
கண்களை இடுக்கி,
கையில் இரண்டு சோளக்கதிர் ஆறிக்கொண்டிருக்க,
இந்த மனிதன்.
இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று விட்டேன்.

ரயில் நிலையத்தில் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.
எஞ்சின் அறையில் மாட்டுவானாம்.

லான்சோவில் எங்கள் குளியலறைக்குக் காற்றாடி கிடையாது.
ஒரு சன்னல்தான்.
இரவில் அதைத் திறந்து வைக்கிறேன்.
பாலத்தில் லாரிகள் போகின்றன,
நாலு மணி வரைக்கும்.